பக்கத்து வீட்டுப் பந்தயக்காரர்

பொருளியல் வகுப்பில் முப்பத்தோர் ஆண்டுகள் வரவையும் செலவையும் பற்றிப் பேசியவன் நான். மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவேன் என்று என் பழைய மாணவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மலர்க்குழுவினர் “அமெரிக்கப் பயணம் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், ஐயா” என்று கேட்டபோது நயாகரா அருவியை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அருவியை நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு என் நினைவில் வந்து நிற்பது அருவியன்று. பக்கத்து வீட்டுக் கொட்டகையில் இரவு பதினொரு மணிவரை எரிந்த ஒரு கைவிளக்கு.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் என் மகள் வீட்டுக்குச் சென்றேன். நியூயார்க் மாநிலம் என்றவுடன் வானளாவிய கட்டடங்களை நினைத்துவிட வேண்டாம். அவள் இருப்பது மாநிலத்தின் நடுப்பகுதியில், ரோம் என்னும் சிற்றூருக்கு அருகே. 1817இல் ஈரி கால்வாயை வெட்டத் தொடங்கியது இந்த ஊரில்தான். செம்புத் தொழிலால் செழித்த ஊர் என்பதால் இதற்குச் ‘செம்பு நகரம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கிருந்த பெரிய விமானப்படைத் தளம் 1995இல் மூடப்பட்டது. தளம் போனதும் வேலை போயிற்று. வேலை தேடி இளைஞரும் போயினர். எஞ்சியவர்களுக்கு நீண்ட பனிக்காலமும் குறுகிய கோடையும் உண்டு. அந்தக் குறுகிய கோடையை அவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை நான் அறிந்தது பக்கத்து வீட்டுக்காரரால்தான்.

அவர் பெயர் வேண்டா. நாற்பத்தைந்து வயது, பகலில் லாரி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு கார் நிற்கும். அதைக் கார் என்று சொல்லவே எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது. முன்விளக்கு இல்லை, கதவு இல்லை, சக்கரங்களுக்கு மேல் மூடியும் இல்லை. வலப்பக்கச் சக்கரங்கள் இடப்பக்கச் சக்கரங்களைவிடப் பெரியவை. ஏன் என்று கேட்டேன். “வாழ்நாள் முழுவதும் இடப்பக்கமே திரும்புகிற வண்டி இது, புரொபசர்” என்று சிரித்தார்.

‘ஸ்டாக் கார்’ என்பதற்குக் கடையில் விற்கும் சாதாரணக் கார் என்று பொருள். அதிலேயே பந்தயம் ஓட்டியவர்கள் அந்நாட்டின் தென்பகுதி மலையோரத்தார். கள்ளச்சாராயத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போலீசுக்குத் தப்பி ஓடியவர்களும் அவர்களுள் உண்டு. 1948இல் நாஸ்கார் என்னும் சங்கம் முறைப்படி அமைந்தது. அதன் முதல் வாகையர் ரெட் பைரன், உலகப் போரில் இடக்கால் சிதைந்தவர். கிளட்ச் மிதியோடு அந்தக் காலைப் பொருத்திக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்துகொண்டு ஓட்டினார். உடம்பு எந்த நிலையில் இருந்தாலும் வண்டியில் ஏறிவிடுவது என்பது இந்த விளையாட்டில் முதல் ஆண்டே தொடங்கிவிட்ட வழக்கம்.

இன்று அச்சங்கத்தின் பெரிய பந்தயங்கள் தொலைக்காட்சியில் வருகின்றன. அவற்றில் ஓட்டுபவர்கள் செல்வந்தர்கள். நான் சொல்வது அவர்களையன்று. ஊருக்கு வெளியே அரைமைல் மண் தடத்தில், வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஓட்டுகிறவர்களை. பட்டறைக்காரர், பால் பண்ணைக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அவருடைய வாரத்தைக் கேளுங்கள். வெள்ளி இரவு ஒரு தடம். சனி இரவு ஐம்பது, அறுபது மைல் தள்ளி இன்னொரு தடம். சில வாரங்களில் ஞாயிறு மூன்றாவது தடம். திங்கள் மாலை வண்டியில் அப்பிய களிமண்ணைக் கழுவுவதற்கே போய்விடும். செவ்வாய் முறிந்ததை ஒட்டவைப்பது. புதன் டயர். வியாழன் எல்லாவற்றையும் சரிபார்த்து டிரெய்லரில் ஏற்றுவது. இவற்றுக்கிடையே பகலெல்லாம் பட்டறை வேலை. உதவிக்கு அவர் தம்பியும் இரண்டு நண்பர்களும் வருவார்கள்; அவர்களுக்குச் சம்பளம் இரவுச் சாப்பாடுதான். மே மாதம் கலகலப்பாக இருந்த அந்தக் கொட்டகையில் ஜூலை நடுவில் பேச்சே கேட்கவில்லை. தூங்காத மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதைத் தேர்வுக்கால விடுதியில் வார்டனாக இருந்த நான் அறிவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்துச் சென்றார்கள். முதலில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தடத்தில் தெளித்து, மண்ணை வண்டிகளாலேயே மிதித்து இறுக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றாகச் சீறிக் கிளம்பியபோது சத்தம் காதில் கேட்கவில்லை, மார்பில் கேட்டது. களிமண் வந்து முகமூடிக் கண்ணாடியை மறைக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தெறிந்துகொண்டே ஓட்டுகிறார்கள். இறங்கி வந்தபோது அவருடைய உடுப்பு நனைந்து பிழியும்படி இருந்தது. அன்று ஏழாவது இடம். பரிசுப் பணம் ஒரு டயருக்குக்கூட வராது என்றார் அவர் மனைவி.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. ஒரு நீலநிற நோட்டில் பருவத்தின் வரவு செலவு முழுவதையும் எழுதி வைத்திருந்தார்: டயர், எண்ணெய், நுழைவுக் கட்டணம், எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கூலி, கிடைத்த பரிசு. பொருளியல் ஆசிரியர் என்று தெரிந்ததும் ஒருநாள் என்னிடம் காட்டினார். கூட்டிப் பார்த்தேன். வரவு, செலவில் பாதிகூட இல்லை. எந்தப் பாடநூலும் இதைத் தொழில் என்று ஒப்பாது. “இதை நிறுத்தினால் வீட்டுக் கடன் மூன்று ஆண்டு முன்னதாகவே முடியும்” என்று நான் சொன்னேன். என் மேதைமையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிட்டார்.

எதற்காக இத்தனை பாடு? விடை, கொட்டகைச் சுவரில் இருந்த ஒரு நிழற்படத்தில் இருந்தது. ஆரஞ்சு வண்ணக் கார், எண் 61. ரிச்சி எவன்ஸ். ரோம் நகரத்துக்காரர். ‘மாடிஃபைடு’ எனப்படும் திருத்தியமைத்த கார்ப் பிரிவில் 1973இல் ஒருமுறையும், 1978 முதல் 1985 வரை தொடர்ந்து எட்டு முறையும் தேசிய வாகை சூடியவர். 1979இல் மட்டும் 60 பந்தயங்களில் ஓடி 37இல் வென்றார். அவருக்குப் போட்டியாக இருந்து ஆறுமுறை வாகை சூடிய ஜெர்ரி குக் என்பவரும் அதே ரோம் நகரத்துக்காரரே! அக்காலத்தில் பல தடங்களில் பெற்ற புள்ளிகளையெல்லாம் கூட்டி வாகையரைத் தேர்ந்தனர். எனவே எவர் அதிக இரவுகள் ஓடுகிறாரோ அவருக்கே வாய்ப்பு. இருவரும் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு இரவோடிரவாக வண்டியை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள்.

1985இல் அந்தப் புள்ளிமுறை மாறி, குறிப்பிட்ட பந்தயங்கள் மட்டுமே கொண்ட தொடராயிற்று. அந்த ஆண்டும் எவன்ஸுக்கே வாகை உறுதியாகிவிட்டது. ஆயினும் அக்டோபர் 24ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது சுவரில் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. “எனக்குப் பதினொரு வயது. அப்பா வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் அவர் அப்படி வந்ததில்லை” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இதைக் கேட்டவன் பந்தயத்தை விட்டு விலகியிருப்பான் என்று நாம் நினைப்போம். அவரோ அடுத்த கோடையில், புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி ஒரு சிறுவண்டியில் பூட்டினாராம்.

ஜூலை இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை, முன்னால் சென்ற வண்டியின் சக்கரத்தில் அவருடைய சக்கரம் ஏறி, வண்டி சுவரில் மோதிப் புரண்டது. அவர் வெளியே வந்து கையசைத்தார், கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஞாயிறு மாலை கொட்டகையில், “எப்போது ஊர் திரும்புகிறீர்கள், புரொபசர்?” என்றார். அக்டோபரில் என்றேன். சிறிது நேரம் கழித்து அதே கேள்வியை, அதே குரலில், முதன்முறை கேட்பவர்போலக் கேட்டார். குழல் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். நான் பார்த்த பார்வையை அவர் புரிந்துகொண்டார்.

“வீட்டில் சொல்ல வேண்டாம். இன்னும் ஐந்து வாரம்தான். மூன்றாவது இடத்தில் இருக்கிறேன்” என்றார்.

அந்தத் தடத்துக்கும் புள்ளிக்கணக்கு உண்டு. ஒரு வாரம் வராதவருக்கு அந்த வாரப் புள்ளி இல்லை. நம் கல்லூரியில் எழுபத்தைந்து விழுக்காடு வருகைக்காகக் காய்ச்சலோடு வந்து கடைசி பெஞ்சில் படுத்திருக்கும் மாணவரை நான் திட்டியிருக்கிறேன். அந்த விதி அவரை இழுத்து வந்தது என்பதை அப்போது நினைத்ததில்லை. ஐந்தே வாரம் என்று கேட்டபோது எனக்கும் அது சிறிய கணக்காகத்தான் பட்டது. சரி என்று தலையசைத்தேன்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவர் ஓடினார். இரண்டிலும் நான் போய் உட்கார்ந்திருந்தேன். பந்தயத்தைப் பார்க்கவில்லை, சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாங்கிய காப்பி கையில் ஆறிப்போயிற்று. இரண்டு வரிசை கீழே அவர் மனைவி ஸ்டாப் வாட்சோடு அமர்ந்திருந்தார். என் வாயில் இருந்த ஒரு வாக்கியம் இரண்டு வரிசை இறங்கிச் செல்ல எனக்குப் பதினைந்து நாளாயிற்று. அதுவும் நேரே செல்லவில்லை. என் மகளிடம்தான் சொன்னேன். அவள் மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சை அளிப்பவள்.

“அப்பா, இதை ஏன் முன்பே சொல்லவில்லை? அடிபட்ட மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் தெரியுமா?” என்று கேட்டவள் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். புகழ்பெற்ற டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே தமக்கு ஏற்பட்ட மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் பிறருக்குச் சொல்லாமல் கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததையும், 2016இல் பாதிப் பருவத்தை விட்டு ஒதுங்க நேர்ந்ததையும் அவள் வழியில் சொன்னாள். அவருடைய தந்தை, 2001இல் டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தவர். கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் என்னும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது அதன் பிறகுதான். அதை உருவாக்கியவர் ராபர்ட் ஹப்பர்ட் என்னும் ஒரு பேராசிரியர். பேராசிரியர்களால் இப்படியும் பயன் உண்டு. வாய்மூடி உட்கார்ந்திருந்தவனும் ஒரு பேராசிரியன்தான்.

அம்மையார் எங்கள் பேச்சை முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே சென்று அந்த நீல நோட்டைக் கொண்டுவந்தார். ஜூலை இறுதிப் பக்கத்தில், டயர்க் கணக்குக்குக் கீழே சிறிய எழுத்தில் வேறு ஒரு கணக்கு இருந்தது. சனி: இருமுறை வாந்தி. ஞாயிறு: சாவியைத் தேடினார், கையிலேயே இருந்தது. செவ்வாய்: மகன் பெயரைத் தம்பி பெயராகச் சொன்னார்.

“எனக்குத் தெரியும். முன்பொருமுறை நான் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். அந்த ஆண்டு முழுவதும் இந்த வீட்டில் ஓர் அந்நியர்தான் இருந்தார். இந்த முறை அவராகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்” என்றார்.

“அவர் சொல்லும்வரை தலை காத்திருக்காது, அம்மா” என்றாள் என் மகள்.

இருவரும் கொட்டகைக்குள் சென்றார்கள். நான் போகவில்லை. வாக்குத் தவறியவன் என்ற கூச்சம் ஒருபுறம். வாக்குத் தவறப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டேனே என்ற கூச்சம் மறுபுறம். வெகுநேரம் கழித்துக் குழல் விளக்கு எரிந்தது. உரத்த பேச்சு எதுவும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டிரெய்லர் வாசலிலேயே நின்றது. மருத்துவர் அந்த ஆண்டு முழுவதும் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாராம். மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் வாரம் எங்கள் வேலியோரம் வந்து, “எப்போது ஊர் திரும்புகிறீர்கள், புரொபசர்?” என்றார். நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். “அக்டோபர் என்று சொன்னீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. என்ன தேதி என்று கேட்கிறேன்” என்று சிரித்தார்.

அவரேதான் என்னை விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வழி முழுவதும் மிக மெதுவாக ஓட்டினார்.

அடுத்த ஆண்டு எஞ்சினை விற்றுவிட்டதாக மகள் சொன்னாள். அந்தப் பணத்தில் டயர்க் கடைப் பாக்கி தீர்ந்ததாம். வண்டியின் சட்டத்தை மட்டும் விற்கவில்லை. கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தடத்துக்குப் போய், வேறொருவர் வண்டிக்கு டயர் மாற்றிக் கொடுக்கிறாராம்.

“சம்பளம் உண்டா?” என்று கேட்டேன். பழக்கம் விடவில்லை.

“இரவுச் சாப்பாடு, அப்பா” என்றாள்.