அமானிதம் காக்க ஒரு வீட்டுச் சர்வர்



அமானிதம் என்றவுடன் பணமும் நகையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் ஒரு சபையில் நம்பிக்கையோடு பேசப்பட்ட பேச்சும் அமானிதமே என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அந்தப் பேச்சு இன்று மனிதரின் நெஞ்சில் மட்டும் தங்கியிருப்பதில்லை. ஒலிநாடாவிலும் கைபேசியிலும் வன்தட்டிலும் தங்கியிருக்கிறது. ஆகவே அதைக் காக்கும் கடமையும் அந்தப் பொருள்கள்வரை நீள்கிறது.

நம் ஊரின் மூத்த ஆலிம் ஒருவர் வஃபாத்தான பின்னர், அவருடைய குடும்பத்தார் ஏறத்தாழ 400 ஒலிநாடாக்களை நம்மிடம் ஒப்படைத்தார்கள். பெரும்பாலானவை ஜும்ஆ பயான்களும் மஃரிபுக்குப் பிந்தைய தஃப்ஸீர் வகுப்புகளும் ஆகும். முப்பதுக்கு மேற்பட்டவை வேறு வகை. குடும்பப் பிணக்குகளை அவர் விசாரித்தபோது, பின்னர் எவரும் சொன்ன சொல்லை மறுக்காதிருக்கப் பதிவு செய்தவை. உறையின் மேல் அவருடைய கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது. பயான்களை ஊர் மக்கள் கேட்க வேண்டும். விசாரணைப் பதிவுகளை, இரு தரப்பு வாரிசுகளையும் கலந்து முடிவெடுக்கும்வரை, எவரும் கேட்கலாகாது. இதுவே குடும்பத்தார் வைத்த நிபந்தனை.

இணையத்தில் கிடைக்கும் இலவசச் சேமிப்பகம் ஒன்றில் அனைத்தையும் ஏற்றிவிடலாமே என்று சிலர் கூறினர். பயான்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு குடும்பத்தின் மானம் அடங்கிய பேச்சை, நாம் அறியாத இடத்தில் உள்ள, பிறருடைய கணினியில் வைப்பதற்கு நம் மனம் இடம் தரவில்லை. ஆகவே நம் வீட்டிலேயே ஒரு சிறிய சர்வரை அமைப்பது என்று முடிவாயிற்று. கல்லூரியில் கணினி பயிலும் நம் சகோதரியின் மகன் உடன் நின்றார்.

தேவையை அளந்த பின்னரே பொருள்

வீண் விரயம் என்பது விலையுயர்ந்ததை வாங்குவது மட்டுமன்று. அளக்காமல் வாங்குவதும் அதில் சேரும். ஆகவே முதலில் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டோம்.

ஒலிநாடாவைச் சுருக்காமல், குறுந்தகட்டின் தரத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 எம்பி ஆகிறது. நாடா ஒன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் என்று கொண்டால் 400 நாடாக்களுக்கும் ஏறத்தாழ 254 ஜிபி போதும். கேட்பதற்கெனச் சுருக்கிய எம்பி3 பிரதி, விநாடிக்கு 64 கிலோபிட் அளவில், மணிக்கு 29 எம்பியைத் தாண்டாது. இவற்றோடு இரு குடும்பங்களின் நிழற்படங்கள், மதரஸா பாடக் குறிப்புகள், ஆண்டு விழாக் காணொளிகள் அனைத்தையும் சேர்த்தாலும் 2 டிபியைத் தாண்டவில்லை. வளர்ச்சிக்கும் இடம் விட்டு 4 டிபி என்று தீர்மானித்தோம்.

“மாமா, நல்ல வேகமான பிராசஸரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுவிட்டால் பத்து வருடத்திற்குக் கவலை இல்லை” என்றார் மருமகன். நூறு பேர் ஒரே நேரத்தில் பயான் கேட்டால் எவ்வளவு வேகம் வேண்டும் என்று அவரையே கணக்கிடச் சொன்னோம். நூறு பேருக்கும் சேர்த்து விநாடிக்கு 6.4 மெகாபிட்தான் வந்தது. சிரித்துவிட்டு அவரே கிராபிக்ஸ் கார்டைப் பட்டியலிலிருந்து நீக்கினார்.

இறுதியில் நம் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, இன்டெல் என்100 பொருத்திய புதிய சிறு போர்டு: நான்கு கோர்கள், மிகக் குறைந்த மின்சாரம், ஆனால் அத்தகைய போர்டுகள் பலவற்றில் வன்தட்டு இணைப்புகள் ஒன்றிரண்டே. மற்றொன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட, ஐ5-8500 பிராசஸர் கொண்ட பழைய மேசைக் கணினி: ஆறு கோர்கள், இரண்டு பெரிய வன்தட்டுகளுக்கு இடம், பின்னர் நினைவகத்தைக் கூட்டும் வசதி. நாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். சென்னை ரிச்சி தெருவில் அத்தகைய கணினிகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பெருநிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கி பொது அளவில் இராது. பழுதானால் அதே வகையைத் தேடியே மாற்ற வேண்டியிருக்கும்.

கணினியில் சேமித்த பணம் வன்தட்டுகளுக்குச் சென்றது. அவற்றைப் பழையதாக வாங்கவில்லை. வன்தட்டுகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரு பதிவு முறைகள் உள்ளன. எஸ்எம்ஆர் முறையில் தடங்கள் ஓட்டின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆகவே நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போது வேகம் வெகுவாகக் குறையும். ஒரு தட்டு பழுதாகி, புதிய தட்டில் முழுவதையும் மீண்டும் எழுத நேர்ந்தால் அந்தத் தாமதமே ஆபத்தாகிவிடும். ஆகவே சிஎம்ஆர் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் உறுதி செய்த பின்னரே இரண்டு 4 டிபி தட்டுகளை வாங்கினோம். இயங்குதளத்திற்கென ஒரு சிறிய எஸ்எஸ்டி தனியே.

குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தல்

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. கணினிப் பொருளும் ஒரு குவியலே. அது இயங்கத் தொடங்கிவிட்டது என்பது மேற்பரப்பு மட்டுமே.

பழைய கணினியை வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டோம். வாங்குபவர் திருப்பித் தரும் உரிமையை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக வைத்துக்கொள்ளும் கியாருஷ் ஷர்த், ஷாஃபிஈ மத்ஹபில் மூன்று நாள்வரை செல்லும் என்பதை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அது வியாபாரிக்கும் நியாயம், வாங்குபவருக்கும் நியாயம். கடைக்காரர் மாற்று மதத்தவர். விளக்கியதும் மகிழ்வோடு ஒப்புக்கொண்டார்.

அந்த மூன்று நாள்களும் சோதனைக்கே செலவாயின. முதலில் மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளால் நினைவகத்தைச் சோதித்தோம். முதல் சுற்று குறையின்றி முடிந்தது. இரண்டாம் நாள் இரவு, நான்காம் சுற்றில், திரையில் சிவப்பு வரிகள் தோன்றின. இரண்டு 8 ஜிபி குச்சிகளையும் தனித்தனியே பொருத்திப் பார்த்தபோது குறை ஒன்றில் மட்டுமே இருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்போம். இந்தக் கணினி அதுவரை ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. அதில் ஒலிநாடாக்களைப் பதிவு செய்திருந்தால், எங்கோ ஒரு சொல், எங்கோ ஒரு பெயர், எவருக்கும் தெரியாமல் சிதைந்த நிலையில் சேமிக்கப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகள் பழைய நாடா மறுமுறை ஓடும் என்பதற்கு உறுதியும் இல்லை. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினோம். மறுபேச்சின்றி வேறு குச்சியைத் தந்தார். அதையும் முழு இரவு சோதித்த பின்னரே ஏற்றோம்.

அடுத்து வன்தட்டுகள். ஸ்மார்ட் எனப்படும் உள்நிலைக் குறிப்புகளைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு, பேட்பிளாக்ஸ் நிரலை ஓட்டினோம். அது தட்டு முழுவதும் நான்கு வகைக் கோலங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். தட்டில் இருப்பதை அது அழித்துவிடும் என்பதால் வெறும் தட்டில் மட்டுமே செய்ய வேண்டும். 4 டிபிக்கு ஏறத்தாழ 63 மணி நேரம் ஆயிற்று. முடிவில் மாற்றியமைத்த பகுதிகள், காத்திருக்கும் பகுதிகள் ஆகிய இரு எண்களும் பூஜ்ஜியமாகவே நின்றன. ஒரு தட்டில் மட்டும் 199 ஆம் குறிப்பு, அதாவது தகவல் கடத்தும் பிழைகளின் எண்ணிக்கை, ஏறியிருந்தது. இது பெரும்பாலும் தட்டின் நோயன்று, கம்பியின் நோய். சாட்டா கம்பியை மாற்றியதும் எண் அதற்குமேல் ஏறவில்லை.

மூன்றாவதாக வேகம். கிகாபிட் வலையமைப்பில் விநாடிக்கு 125 எம்பி என்பது எல்லை. நடைமுறையில் 110 முதல் 118 வரை கிடைக்கும். நமக்குக் கிடைத்ததோ 11 எம்பி! கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு என்னும் இந்த எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றுவிட்டிருக்கிறது. ஐபெர்ஃப்3 மூலம் தட்டுகளை விலக்கி வலையமைப்பை மட்டும் அளந்தோம்: 94 மெகாபிட். சுவரோரம் சென்ற பழைய கம்பியில் ஓர் இணை அறுந்திருந்தது. புதிய கம்பியில் 941 மெகாபிட் வந்தது. கோப்புகளும் 112 எம்பி வேகத்தில் நகர்ந்தன. வேகம் குறைந்தவுடன் புதிய பிராசஸர் வாங்க ஓடாமல், ஒவ்வொரு பகுதியையும் பிரித்து அளப்பது பணத்தையும் காக்கும், மனத்தையும் காக்கும்.

மின்சாரத்தையும் அளந்தோம். சுவர்ச் செருகியில் மாட்டும் அளவியில் ஓய்வு நிலையில் 27 வாட் காட்டிற்று. நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 39 யூனிட். இதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற்றோம். குடும்பத்தின் செலவில் ஊருக்குச் செய்யும் சேவையில் குடும்பத்தின் மனநிறைவும் வேண்டுமல்லவா?

பிரதிகளும் பாதுகாப்பும்

இரு தட்டுகளையும் இசட்எஃப்எஸ் முறையில் கண்ணாடிப் பிம்பம்போல் இணைத்தோம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்கும். ஒவ்வொரு தகவலுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால் மாதம் ஒருமுறை அனைத்தையும் படித்து ஒப்பிடுகிறது. ஆனால் பிம்பம் என்பது காப்புப் பிரதி ஆகாது. கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். ஆகவே மூன்றாவது பிரதி, கடவுச்சொல்லால் பூட்டிய வெளித்தட்டில், வேறு ஊரில் உள்ள சகோதரியின் வீட்டில் இருக்கிறது. மாதந்தோறும் அதைக் கொண்டுவந்து புதுப்பிக்கிறோம். அப்போது ஏதேனும் ஐந்து கோப்புகளைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டும் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பக் கூடாது. மின்தடைக்கென ஒரு சிறு யுபிஎஸ்ஸும் உண்டு.

இது புதிய சிந்தனையன்று. யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதான பின்னர், குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களோ அதிலிருந்து பிரதிகள் எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். அல்லாஹ்வே பாதுகாப்பதாக வாக்களித்த வேதத்திற்கே ஸஹாபாக்கள் இத்தனை ஏற்பாடுகளைச் செய்தார்கள் என்றால், நம்மிடம் உள்ள அமானிதங்களுக்கு நாம் எவ்வளவு செய்ய வேண்டும்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும்.

விசாரணைப் பதிவுகளை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டே கணினியில் ஏற்றினோம். அவை தனியே பூட்டிய பகுதியில் உள்ளன. கடவுச்சொல்லின் ஒரு பாதி நம்மிடமும் மறுபாதி அந்த ஆலிமின் மூத்த மகனாரிடமும் இருக்கிறது. இதுவரை இரண்டு குடும்பங்களின் வாரிசுகள் கலந்து பேசி, தங்கள் பதிவுகளை அழித்துவிடக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் முன்னிலையிலேயே அழித்தோம். வெளித்தட்டில் இருந்த பிரதியையும் அழித்தோம். காப்பது மட்டுமன்று, உரியவர் கேட்கும்போது இல்லாமல் ஆக்குவதும் அமானிதமே. நம் கையில் இருந்ததால்தான் அது முழுமையாக இயன்றது.

பயான்களில் இதுவரை 260 நாடாக்கள் முடிந்திருக்கின்றன. மஃரிபுக்குப் பின் மதரஸா மாணவர்கள் அவற்றைக் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் பெற்றோரின் குரலோ பெரியோரின் கிராஅத்தோ அடங்கிய நாடா ஒன்று இருக்கக்கூடும். பெரிய சர்வர் எதுவும் வேண்டியதில்லை. இரு தட்டுகளும் சோதித்துப் பார்க்கும் பொறுமையும் போதும். நாடா காத்திருக்காது என்பதால் இவ்வாரமே தொடங்குங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை அனைத்தையும் உரியவரிடம் முழுமையாகச் சேர்ப்பிக்கும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.