வலிக்காத கால்

கால் வலிக்கிறது என்று சொல்பவரைக் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. இனிப்பு நீர் இருந்தும் "கால் வலியே இல்லை" என்று சொல்பவரைக் கண்டால் எனக்குப் பயம் வருகிறது.

2023-இல் எடுத்த தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கிறது. நாள்பட்டால் அது பாதத்து நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடும். எங்கள் லயத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், பூட்ஸுக்குள் கிடந்த கல்லோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். காலுறையில் இரத்தத்தைப் பார்த்து அண்ணிதான் அலறினார். "வலிக்கவே இல்லையே, இதற்குப் போய் கிளினிக்கா?" என்றார் அவர். கடைசியில் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஓயாமல் அழுத்தம் படும் இடத்தில் புண் வருவதற்கு முன்பே சூடு ஏறும். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் அறிந்து கைத்தொலைபேசிக்குச் சொல்லும் காலுறைகளையும் செருப்புத் தகடுகளையும் மலிவாகச் செய்ய இப்போது முயல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். அந்த நோயிலும் உணர்ச்சி போய்விடும். பிறகு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், அழுத்தம் மிஞ்சினால் சத்தமிடும் காலுறைகளை அவர் குழுவினர் செய்து பார்த்தார்கள். நோயாளிகள் சத்தத்தைச் சட்டை செய்யவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தபோது கருவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்! வலியை அப்படி அணைக்க முடியுமா?

விலை கூடிய காலுறைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 2020-இல் கொரோனா வந்தபோது பள்ளி வாசலில் பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே நீட்டினோமே, அந்த வெப்பமானி பலர் வீட்டில் தூங்குகிறது. அதில் பொருள்களின் சூட்டை அளக்கும் முறை இருந்தால், தினமும் இரு பாதங்களிலும் அதே அதே இடங்களை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே இடத்தில் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்தால், நடையைக் குறைத்துக் கிளினிக்குக்குப் போக வேண்டும். வேறுபாடு இல்லாவிட்டாலும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதை விடக் கூடாது.

நடையைக் குறைத்தால் கூலி என்னாவது என்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்திலேயே உண்டு; ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள். கிளினிக்கில் எம்.சி. கேட்டு வாங்குங்கள்.