சிமெண்ட் ஊற்றாத ஓடுதளத்திலிருந்து ஒரு கடிதம்

கன்சாஸ்வில், விஸ்கான்சின்



மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் நடுவே, 142ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, 4,500 ஏக்கருக்கு மேல் புல்லும் சதுப்பும் குளமுமாகப் பரந்து கிடக்கிறது ரிச்சர்ட் பாங் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி. 1950களில் அமெரிக்க விமானப்படை இங்கே போர் விமானத் தளம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. 12,500 அடி ஓடுதளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற இன்னும் மூன்றே நாள் என்றிருந்தபோது, 1959இல், திட்டத்தைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். தளத்துக்கு வைத்த பெயர் மட்டும் நிலத்தில் தங்கிவிட்டது. ரிச்சர்ட் பாங் இதே மாநிலத்து விவசாயி மகன். இரண்டாம் உலகப் போரில் 40 ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியவர். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாளில், கலிபோர்னியாவில் புது ஜெட் ஒன்றை ஓட்டிப் பார்க்கையில் இறந்துபோனார்.

அவர் பெயர் கொண்ட நிலத்தில் இன்று அட்டைக் குழாய் ராக்கெட்டுகள் பறக்கின்றன. ராக்கெட் விடுவதற்கென்றே அனுமதிக்கப்பட்ட பகுதி இருக்கிறது. அதே பக்கம் வல்லூறு பழக்குகிறவர்களும், நாய்களைப் பனிவண்டிக்குத் தயார் செய்கிறவர்களும் வருவார்கள். ராக்கெட்காரர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் அதிகம். பேரப்பிள்ளைகளைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் குளக்கரைக்கு ஓடிவிட, தாத்தாக்கள் மட்டும் மடக்கு மேசைகளைச் சுற்றி நின்று மோட்டார் பேசுகிறார்கள். அதுவும் நடுத்தர மோட்டார்.

நடுத்தரம் என்பதற்கு இங்கே கறாரான கணக்கு உண்டு. ராக்கெட் மோட்டாரின் மொத்தச் சக்தியை ஏ, பி, சி என்று எழுத்தால் குறிப்பார்கள். ஓர் எழுத்து ஏறினால் உச்சவரம்பு இரட்டிக்கும். ஈ என்றால் 20 முதல் 40 நியூட்டன்-விநாடி, எஃப் 80 வரை, ஜி 160 வரை. இந்த மூன்றும்தான் 'மிட் பவர்'. எச் வந்துவிட்டால் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எழுத்துக்கு அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், மருந்து எரிந்து முடிந்து எத்தனை விநாடி கழித்துப் பாராசூட் வெளியே வரும் என்பது. 'ஈ12-6' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் ஒரு மோட்டாரின் பாதிச் சரித்திரம் தெரிந்துவிடும்.

மீதிப் பாதி, அது ஏவுதண்டை விட்டு எப்படிக் கிளம்புகிறது என்பது. புது மோட்டார் யார் கைக்கு வந்தாலும் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. உயரம் அதிகமானால் இந்தச் சதுப்பில் ராக்கெட்டைத் தேடி யார் நடப்பது?

பழைய வகை மோட்டார், கருமருந்து. நம் தீபாவளி ராக்கெட்டில் இருக்கும் அதே வெடியுப்பும் கந்தகமும் கரியும்தான். அதை இறுக்கி அட்டைக் குழாயில் அடைத்து, களிமண்ணால் வாய் வைத்தது. பின்முனையில் பற்றி, ஊதுபத்தி மாதிரி முன்னோக்கி எரிந்துகொண்டே போகும். நெப்ராஸ்கா மாநிலம் நார்ஃபோக்கில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954இல் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். 1958இல் வெர்ன் எஸ்டஸ் அதை 5.5 விநாடிக்கு ஒன்றாக இடித்துத் தள்ளும் இயந்திரத்தைக் கட்டி, அதற்கு 'மேபல்' என்று பெயரும் வைத்தார். கொலராடோவின் பென்ரோஸ் ஊரிலிருந்து எஸ்டஸ் நிறுவனம் இன்றும் அவற்றை அனுப்புகிறது. அதன் வரிசையில் பெரியது 29 மில்லிமீட்டர் எஃப்15: உச்ச விசை 25 நியூட்டன் அளவுக்குத்தான், ஆனால் மூன்றரை விநாடி போலத் தொடர்ந்து எரியும்.

இன்னொரு வகை, காம்போசிட். அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் பிசினில் குழைத்து வார்த்தது. விண்வெளி ஓடத்தின் இரு பக்கமும் எரிந்த பூஸ்டர்களின் குடும்பம். நடுவில் துளை விட்டு வார்ப்பதால் உள்ளிருந்து வெளியே ஒரேயடியாக எரியும். இதன் வலு என்னவென்று எண்ணில் பார்ப்பது நல்லது. எஃப்15க்குள் சுமார் 60 கிராம் கருமருந்து. அது தருவது ஏறக்குறைய 50 நியூட்டன்-விநாடி. யூட்டாவின் சீடர் சிட்டியில் ஏரோடெக் நிறுவனம் செய்யும் ஜி80இல் 62.5 கிராம் காம்போசிட். தருவது 136க்கு மேல்.

அந்த 62.5 வெறும் தற்செயல் இல்லை. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, பெர்குளோரேட் மருந்தை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்த காலத்தில், விலக்குக்கான எல்லைக்கோடாக நின்ற அளவு அது. அமெரிக்காவின் இரண்டு பெரிய ராக்கெட் சங்கங்கள் 2000இல் வழக்குப் போட்டன. 2009 மார்ச்சில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. பட்டியலிலிருந்து பெயர் போனாலும் அளவு போகவில்லை. தொழில்தர விதிகளில் அது இன்னும் இருக்கிறது. அனுப்புச் செலவிலும் இன்னொரு கோடு உண்டு: ஒரு மோட்டாரில் 30 கிராமுக்கு மேல் மருந்து இருந்தால் அனுப்புகையில் ஆபத்துப்பொருள் கட்டணம் ஏறும். அதனால் 30க்குச் சற்றுக் கீழே மருந்து வைத்த புது எஃப் மோட்டார் வந்தால் மேசைகளைச் சுற்றி உற்சாகம் கூடும். பணம் மிச்சமாகும் உற்சாகத்தை யாரும் மறைப்பதும் இல்லை.

சின்ன அளவிலும் இதே மாற்றம். க்வெஸ்ட் பெயரில் வரும் க்யூ-ஜெட் மோட்டார்கள் 18 மில்லிமீட்டர் குழாயிலேயே டி வரை தருகின்றன. கருமருந்தில் டி12 வேண்டுமென்றால் 24 மில்லிமீட்டர் குழாய் தேவைப்பட்டது. பழைய ஏ, பி மோட்டார்களுக்காகக் கட்டிய மாடலுக்குள் இதைச் சொருகிவிடலாம். சொருகலாமா என்பதில்தான் சண்டை. முப்பது வருடத்துக்கு முன் ஒட்டிய பால்சா மரத் துடுப்புகள் அந்த முதல் உதையைத் தாங்குமா? 'மருந்து பத்தாமல் போனால் ராக்கெட் திரும்பி வரும். மிஞ்சிப் போனால் துடுப்பு மட்டும்தான் வரும்' என்றார் நரைத்த தாடிக்காரர் ஒருவர், மாடலை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒட்டுக்களைப் பார்த்தபடி.

அடுத்த புகார் பற்றவைப்பு. கருமருந்துக்கு வாயில் நெருப்பைக் காட்டினால் போதும். காம்போசிட்டுக்குப் பற்றவைக்கும் இக்னைட்டரைத் துளையின் மேல்முனை வரை நுழைக்க வேண்டும். பாதியில் நின்றால் மோட்டார் ஒருமுறை இருமி, இக்னைட்டரைத் துப்பிவிட்டு அணைந்து போகும். சில சமயம் இருமியதும் தானாகவே பற்றிக்கொண்டு பறந்துவிடும். அதனால்தான் பற்றாத ராக்கெட்டின் அருகே 60 விநாடி கழியும்வரை போகக்கூடாது என்று பாதுகாப்பு விதி சொல்கிறது. களத்துப் பாதுகாப்பு அதிகாரி இதில் ஒரு விநாடிகூட விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லோருக்கும் பிடித்தது, தாமத நேரத்தை மாற்ற முடிவது. புது காம்போசிட்டுகள் பலவற்றை நீண்ட தாமதத்தோடு விற்கிறார்கள். கையால் திருகும் சின்னத் துளைக் கருவியால் இரண்டு, நான்கு, ஆறு விநாடி என்று சுரண்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே மோட்டார் கனமான ராக்கெட்டுக்கும் லேசானதுக்கும் பொருந்தும். நான்கு வகை வாங்கி அடுக்க வேண்டிய கடைக்காரருக்கும் இது நிம்மதி.

ஆனாலும் நான் போயிருந்த நாளில் களத்தில் ஜனங்களைக் கைதட்ட வைத்தது காம்போசிட் இல்லை, ஓர் எஃப்15. ஏவுதண்டின் அடியிலிருந்து கனமாக எழுந்து, யோசித்து யோசித்து ஏறுவது போல ஏறி, புகையைப் பின்னால் நீளமாக விட்டுக்கொண்டே போனது. ஜி80 கிளம்பினால் 'டப்' என்ற சத்தம் கேட்கும்போதே தண்டு காலியாக இருக்கும்; கண் பார்க்க வேண்டிய நேரத்தைக் காது தின்றுவிடுகிறது. மெல்லக் கிளம்பும் மோட்டாருக்குப் பலவீனமும் உண்டு. உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது இவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. கனமான மாடலில் எஃப்15 போட்டால் கணக்கு உதைக்கும், காற்றடிக்கும் நாளில் ராக்கெட் சாய்ந்துகொண்டு போகும். கருமருந்துக்கு வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தால் ஆகாது. மருந்துக்கும் குழாய்க்கும் இடையே விரிசல் விழுந்தால் நெருப்பு பக்கவாட்டில் புகுந்து மோட்டாரே வெடித்துவிடும். அதனால் விவரமானவர்கள் கருமருந்து மோட்டார்களைக் காரின் பின்பெட்டியில் விடாமல், ஐஸ் இல்லாத ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நெருப்புப்பொறி சிதறும் காம்போசிட்டுகளும் உண்டு. இரவில் பார்க்க வேடிக்கை. காய்ந்த புல்வெளியில் தலைவலி. இந்த மாதிரி நிலத்தில் அவை மேசையை விட்டு நகர்வதில்லை.

மோட்டாரை மிகக் கடுமையாக எடை போட்டவர்கள் தாத்தாக்கள் இல்லை, ஓரமாகக் கூடாரம் போட்டிருந்த பள்ளிக்கூட அணி. அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் என்ற மாணவர் போட்டிக்குத் தயாராகிறார்கள். முட்டையை உடையாமல் ஏற்றி இறக்க வேண்டும். மோட்டாரின் மொத்தச் சக்தி 80 நியூட்டன்-விநாடியைத் தாண்டக் கூடாது, அதாவது எஃப்தான் எல்லை. ராக்கெட்டின் எடை 650 கிராமுக்குள். 2024 பருவத்தில் இலக்கு 820 அடி உயரம், 43 முதல் 46 விநாடிக்குள் தரை தொட வேண்டியிருந்தது. ஓர் அடி தவறினாலும் மதிப்பெண்ணில் தெரியும். அவர்களுக்குப் புகை நிறமோ கிளம்பும் அழகோ பொருட்டே இல்லை. ஒரே தொகுதியில் செய்த மோட்டார்களா, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. அணியின் நோட்டில் ஒவ்வொரு பறத்தலுக்கும் எதிரே உயரம், வெப்பநிலை, காற்று, கூடவே குழாயில் குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதி. வேறு தேதி போட்ட மோட்டார் ஒன்று அன்று எதிர்பார்த்ததைவிட உயரே போயிருந்தது. அதற்குச் சீரான காற்றுதான் காரணம் என்று ஒரு பையன் சொல்ல, தொகுதி மாறியதால் என்று நோட்டு வைத்திருந்த பெண் அடித்துச் சொன்னாள்.

சண்டை தீரவில்லை. பழைய தேதியிட்ட எஃப் இன்னும் ஒரு டஜன் கிடைக்குமா என்று இருவரும் களத்தில் மோட்டார் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரரிடம் போய் நின்றார்கள். அவர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார், நாலுதான் இருந்தன. நாலையும் வாங்கிக்கொண்டு, மீதிக்குப் பக்கத்து மாநிலக் கடைகளைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.