கோயில் வேனும் வடை எண்ணெயும்



கொஞ்ச நாளா நிறைய பேர் எங்களைக் கேட்கிற கேள்வி ஒன்று. "மடப்பள்ளியில வடை சுட்ட எண்ணெய் இவ்வளவு மிஞ்சுதே, அதை நம்ம கோயில் வேன்ல ஊற்றி ஓட்டினா என்ன?" யாரும் கேலிக்குக் கேட்கவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. வேனுக்கு டீசல் போடுற பணம் அன்னதான நிதியிலிருந்துதான் போகுது. வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிற சோறு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான், எல்லாமே அந்த ஒரு வேனில்தான். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

முடியுமா என்றால் முடியும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சும்மா ஊற்றி ஓட்ட முடியாது.

எங்கள் தொண்டர் குழுவில் பாதிப்பேர் ஃபேக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான். நாங்கள் பார்த்தவரை எண்ணெயின் கெட்டித்தன்மைதான் முதல் சிக்கல். சமையல் எண்ணெய் டீசலைவிடச் சுமார் 10 மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் அதைப் பூந்தூறலாகத் தெளிக்க முடியாமல் சொட்டுச் சொட்டாக விடும். பாதி எரியாமல் கரியாகி பிஸ்டன் ரிங்கில் ஒட்டும். மிச்சம் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதையும் கூழாக்கிவிடும். இதெல்லாம் முதல் நாளே தெரியாது. நாலைந்து மாதம் நன்றாக ஓடிவிட்டு, ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தோடு நடுரோட்டில் நிற்கும்.

இதற்கு மருந்து சூடுதான். எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகிவிடும். இன்ஜினைச் சுற்றி ஓடும் ரேடியேட்டர் தண்ணியே அந்தச் சூட்டைக் கொடுக்கும். எண்ணெய்க்கு இரண்டாவதாக ஒரு டேங்க் வேண்டும். டீசலில் ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னாடி மறுபடி டீசலுக்கு மாற்றி, பைப்பிலும் பம்பிலும் இருக்கிற எண்ணெயைத் தள்ளிவிட வேண்டும். இதை மறக்காத டிரைவர் வேண்டும், அதுதான் கஷ்டம்!

நம்ம வேன் பழைய ஹைஏஸ், 2எல் இன்ஜின். அந்தக் காலத்து முன்னறை வைத்த இன்ஜின் என்பதால் கொஞ்சம் தாங்கும். வீட்டில் புது டீசல் வண்டி வைத்திருக்கும் தம்பிகளே, காமன் ரெயில் இன்ஜினில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

"பெட்ரோல் ஸ்டேஷன் டீசலிலேயே 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் இருக்கே" என்று ஒரு அண்ணன் கேட்டார். உண்மை, 2019-லிருந்து இருக்கிறது. ஆனால் அது மெத்தனால் சேர்த்துப் பக்குவம் செய்து இளக்கிய சரக்கு. அதை நாமே கோயிலில் காய்ச்சலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கூடாது என்று உடனே சொல்லிவிட்டோம். மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். பிரசாதம் சமைக்கிற இடத்துப் பக்கமே அது வரக்கூடாது.

விளக்கு எண்ணெய் பற்றி ஒரு பாட்டி கேட்டது எங்களை யோசிக்க வைத்தது. "சாமிக்கு ஏற்றின எண்ணெயை வண்டியில எரிக்கலாமாப்பா?" குருக்கள் ஐயாவிடம் கேட்டோம். சாமிக்குக் கொடுத்தது சாமிக்கே இருக்கட்டும் என்றார். இன்ஜின் கணக்கிலும் அதுதான் சரி. நல்லெண்ணெய் சூட்டில் பிசினாகும், விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி, நெய் உறைந்துவிடும், போதாததற்குத் திரிக்கரியும் குங்குமமும் கிடக்கும். அதனால் மடப்பள்ளிப் பாமாயில் மட்டும்தான்.

விற்றுவிடலாமே என்றும் சிலர் சொன்னார்கள். பழைய எண்ணெயை விலைக்கு எடுக்க ஆள் வருவது உண்மைதான். பலமுறை சுட்டுப் புளித்துப் போனதை அப்படித்தான் விற்கிறோம், அது பம்பை அரிக்கும். ஒருமுறை, இரண்டுமுறை சுட்டதை மட்டும் எடுத்து வைக்கிறோம்.

கோயில் பின்னாடி சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டரில் இதே முறையில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தோம். பிறகு இன்ஜெக்டரைக் கழற்றினோம். முனையில் லேசான கரி, துடைத்தால் போகிற அளவுதான். புகையில் பஜ்ஜிக் கடை வாசம் வந்ததைச் சொல்லித்தான் ஆகணும்.

வேனில் இன்னும் கை வைக்கவில்லை. வண்டியில் மாற்றம் செய்ய ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரியப்படுத்த வேண்டும். இரண்டுக்கும் கடிதம் தயார். நிர்வாகக் கூட்டத்தில் வைத்திருக்கிறோம். அனுமதி வராவிட்டால் எண்ணெய் ஜெனரேட்டரோடு நிற்கும். ஆட்களுக்குச் சோறு கொண்டு போகிற வண்டி, இன்சூரன்ஸ் கேள்விக்குறியோடு ரோட்டில் ஓடக்கூடாது.

அதுவரைக்கும் வீட்டு எண்ணெயைக் கொண்டு வந்து வைக்காதீங்க. மீன் பொரித்ததும் இறைச்சி பொரித்ததும் மடப்பள்ளிக்குள் வர முடியாது. எண்ணெயை வடிகட்டத்தான் ஆள் பற்றவில்லை. ஒரு வாரம் அசையாமல் தெளிய விட்டு, மேலாக எடுத்து, துணியிலும் பிறகு ஃபில்டரிலும் விடுகிறோம். கடைசியில் காய்ந்த சட்டியில் இரண்டு சொட்டு. சடசடவென்று வெடித்தால் தண்ணி இருக்கு, மறுபடி காய்ச்சணும்.

ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் மடப்பள்ளிக்குப் பின்னாடி இருப்போம். பழைய பருத்தி வேட்டி கிழிந்தது இருந்தா எடுத்துட்டு வாங்க, வடிகட்ட அதைவிட நல்ல துணி கிடைக்கல.