பத்துக்கு ஐந்து

பக்கத்து ஒழுங்கைப் பையன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போதே மணம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மோட்டார்ச் சுருளின் வார்னிஷ் கருகிய மணம். ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. ரெஜிபோம் வெட்டி அவனே ஒட்டிய விமானம் அது. உடம்புக்கு மேலே இறக்கை, பற்றரியோடு சேர்த்து 900 கிராம்.

"அங்கிள், பெரிசு போட்டாக் கூட இழுக்கும் எண்டு கடையில சொன்னவை" என்றான்.

விமானத்தின் மூக்கில் பூட்டியிருந்த புரொப்பெல்லர் 11×7. அதற்கு முதல் நாள் வரை அதே மோட்டாரில் 10×5 நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு இலக்கங்களையும் எல்லோரும் வாசிக்கிறார்கள். முதலாவது விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: பாடசாலையில் திருகுக் கணிச்சியோடு படித்தோமே, அந்தப் புரியிடைத் தூரம். பலகைக்குள் இறங்கும் ஆணி போல, காற்றில் வழுக்காமல் போவதாக வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம். 10×5 ஒரு சுற்றுக்கு 5 அங்குலம் நகரும். இவ்வளவும் பையனுக்குத் தெரியும். 10 க்கும் 11 க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் தெரியாது. கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், விரல் நகத்தின் அளவு.

ஒரே வேகத்தில் சுற்றுவதற்கு வேண்டிய வலு, விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 1.1 ஐ நான்கு தரம் பெருக்கினால் 1.46. அந்த நகத்தின் அளவுக்கே 46 சதவீதம் அதிகம். பிட்ச் 5 இலிருந்து 7 ஆனதற்கு இன்னும் 1.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் இரு மடங்கைத் தாண்டுகிறது. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவன் கருகிய மோட்டாரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

எண்ணெய் எஞ்சின் காலத்தில் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து சட்டென்று பிடிபடாது. 40 அளவு எஞ்சினில் 10×6 க்குப் பதிலாக 12 அங்குலம் பூட்டினால் எஞ்சின் மூச்சு வாங்கும், சுற்றுக் குறையும், சத்தத்திலேயே முறையிடும். மின் மோட்டார் அப்படி முறையிடாது. கொடுத்த வோல்ற்றளவுக்கு ஏற்ற வேகத்தைப் பிடிக்கவே பார்க்கும். பாரம் கூடினால் பற்றரியிலிருந்து இன்னும் மின்னோட்டத்தை இழுத்து, சூடாகி, கடைசிவரை சுற்றும். அது நல்ல பிள்ளையின் குணம். அதனால்தான் கவனிப்பு நம் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

எனவே வாற்று மீற்றர் இல்லாமல் ஒரு புரொப்பெல்லரையும் நான் மாற்றுவதில்லை. அவனுக்கு இன்னொரு மோட்டார், அதே வகை, பூட்டி அளந்தோம். 10×5 இல் முழு திறொட்டிலில் 17 அம்பியர், ஏறக்குறைய 185 வாற்று. கிலோவுக்கு 200 வாற்று இருந்தால் இந்த வகை விமானம் தாராளமாக ஏறும். அவனுக்கு வேண்டியது முதலிலேயே கையில் இருந்தது.

தரையில் பிடித்துப் பார்த்து இழுவையைத் தீர்மானிப்பது இன்னொரு பிழை. புரொப்பெல்லரைச் சுழலும் இறக்கையாகவே கணக்கிட வேண்டும் என்பதை ரைட் சகோதரர்கள் கண்டுகொண்டார்கள். 1903 இல் அவர்கள் செதுக்கிய எட்டரை அடி மரப் புரொப்பெல்லர்கள் அந்த விளக்கத்திலிருந்து பிறந்தவை. இறக்கை கூடுதலாக நிமிர்ந்தால் காற்று பிய்ந்துபோகும். பிட்ச் கூடிய புரொப்பெல்லர் விமானம் அசையாமல் நிற்கும்போது அந்த நிலையில்தான் இருக்கிறது: இரைச்சல் பெரிது, இழுவை சிறிது. விமானம் வேகம் பிடித்த பிறகுதான் அதன் திறமை தெரியும். பிட்ச் குறைந்தது தரையில் கையைப் பிய்ப்பது போல இழுக்கும், மேலே போய்க் களைத்துவிடும்.

சுற்றுமானியைக் காட்டினேன்: நிமிடத்துக்கு 8,400 சுற்று. (அந்தக் கருவி சரியா என்று பார்க்க ரியூப் லைற்றுக்கு நேரே பிடியுங்கள். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வகை விளக்கு செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். இரண்டு அலகு என்று வைத்திருந்தால் 3,000 காட்டவேண்டும்.) 8,400 ஐ 5 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 64 கிலோமீற்றர். அவனுடைய விமானம் 24 இல் தொய்ந்து விழும். தொய்யும் வேகத்தின் இரண்டரை மடங்காவது இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சரியாகப் பொருந்துகிறது.

நாங்கள் இருக்கும் களுபோவிலயிலிருந்து இரத்மலானை விமான நிலையம் சில கிலோமீற்றர்தான். அதனால் இங்கே எதையும் பறக்கவிடுவதில்லை, ஆனால் அந்த ஓடுபாதை நினைவில் இருந்துகொண்டே இருக்கும். 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதல் டக்கோட்டா அங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. பின்னாளில் பலாலிக்கு டக்கோட்டாவில் போய்வந்ததை அப்பா சொல்வார். கிளம்பும்போது காதை அடைக்கும் சத்தம், உயரம் பிடித்ததும் அது தணிந்து கனத்துவிடுமாம். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. டக்கோட்டாவின் புரொப்பெல்லர் பறக்கும்போதே தன் பிட்ச்சை மாற்றிக்கொள்ளும். ஹமில்ற்றன் ஸ்டாண்டர்ட் நிறுவனம் பிட்ச் மாற்றும் புரொப்பெல்லருக்காக 1933 இல் கொலியர் விருது பெற்றது. கிளம்பலுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று அந்த விமானத்துக்கு வாய்த்தது நம் சின்ன விமானங்களுக்கு வாய்க்கவில்லை. பூட்டியது பூட்டியதுதான். எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்ய வேண்டும். கடைக்காரரிடம் போகுமுன் நான் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி அது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு ஆளில்லா விமானங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்ட மாதங்களில் விமானங்களை உறையிட்டு வைத்தேன். சப்பாத்துப் பெட்டிகளில் இருந்த புரொப்பெல்லர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமநிலை பார்த்தேன். மெல்லிய கம்பியில் கோத்து விட்டால் கனமான அலகு கீழே சாயும். அதன் பின்முகத்தை அரத்தாளால் தேய்த்து, மறுபடி கோத்து, மறுபடி தேய்க்கவேண்டும். வீட்டு மின்விசிறி ஆடினால் பொறுத்துக்கொள்கிறோம். 8,400 சுற்றில் 10 அங்குலத்தின் நுனி மணிக்கு 400 கிலோமீற்றரில் ஓடுகிறது, அங்கே ஆட்டம் திருகுகளைக் கழற்றிவிடும். அந்த நாட்களில் வெடிப்புக் கண்ட நான்கைத் தூர எறிந்தேன். வெடித்ததை ஒட்டுப்போடக் கூடாது. மெதுப் பறப்புக்கென மெல்லியதாக வார்த்த ஏபிசி (APC) நிறுவனப் புரொப்பெல்லர்களையும் தனியாக எடுத்து வைத்தேன். 65,000 ஐ விட்டத்தால் வகுத்தால் வருவதே அவற்றின் சுற்று எல்லை. 10 அங்குலத்துக்கு 6,500. பையனின் மோட்டாரில் அவை சிதறலாம்.

போன மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு பண்டாரகமப் பக்கம், அறுவடை முடிந்த வயலுக்குப் போனேன். காலையில் காற்று இல்லை. 10×5 இல் ஆறு நிமிடம் பறந்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடு. பத்து மணிக்கு மேல் கடற்பக்கத்திலிருந்து காற்றுக் கிளம்பியது. வரம்பில் நட்டிருந்த ரிப்பன் நேராக நீட்டிக்கொண்டது. விமானம் எதிர்க்காற்றில் முக்கி முக்கி ஒரே இடத்தில் நின்றது. இறக்கினான்.

நான் வாய் திறக்கவில்லை. சப்பாத்துப் பெட்டிக்குள் கையை விட்டு 11×7 ஐ எடுத்தான், ஒரு நிமிடம் பார்த்தான், திரும்ப வைத்தான். பிறகு 9×6 ஐ எடுத்து, தொலைபேசியில் கணக்குப் போட்டான். "அங்கிள், பாரம் குறையும், வேகம் கூடும். ஏறுறதுதான் கொஞ்சம் மெதுவா இருக்கும், என்ன?"

"ஓம். பற்றரியைக் கழற்றிப்போட்டு மாத்து தம்பி."

எழுத்து முன்பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் கேட்டான்.