பிரிக்கப்படாத வரிசை

பள்ளி விடுமுறையின் முதல் நாள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்குப் புறப்பட்ட மகிழுந்தில் ஐவர் இருந்தனர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நெருங்கியபோது நெரிசல் மேலும் கூடியது. பிள்ளைகள் இருவரின் கைப்பேசிகளும் மின்னூட்டம் தீர்ந்து அணைந்திருந்தன.

சலிப்போடு திரும்பிய பேத்தி, பாட்டியின் மடியைப் பார்த்தாள். கொக்கி ஊசியும் வெள்ளை நூலும் கொண்டு அவர் மேசை விரிப்பு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரே வரிசையை மூன்றாம் முறையாகப் பிரித்தார்.

"ஏன் பாட்டி பிரிக்கிறீர்கள்?"

"கண்ணிகளை எண்ண முடியவில்லையம்மா. கண்புரை மறைக்கிறது. உன் அத்தையின் புதுமனைக்கு இதுதான் என் பரிசு. கடைசியாக நான் பின்னுவதும் இதுவாகத்தான் இருக்கும்," என்றார் பாட்டி.

பேத்திக்குத் தொண்டை அடைத்தது. "நான் எண்ணுகிறேன், நீங்கள் பின்னுங்கள்," என்றாள். தம்பி, நூல் சிக்காமல் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டான். சுரங்கப்பாதையின் மங்கிய வெளிச்சத்திலும் பாட்டியின் விரல்கள் ஓயவில்லை. பேத்தியின் குரல் அவற்றுக்கு வழிகாட்டியது.

தைப்பிங்கைக் கடந்ததும் பாட்டி ஊசியைப் பேத்தியிடம் நீட்டினார். "இழுத்துப் பிடிக்காதே. நூல் தானாக ஓடட்டும்."

13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் மகிழுந்து ஏறியபோது, பேத்தி ஒரு வரிசையை முடித்திருந்தாள். அது இறுகிக் கோணலாக இருந்தது. பாட்டி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த வரிசையை மட்டும் அவர் பிரிக்கவில்லை.