இரு கரைகள், ஒரு கடல்

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தீவகம். இருபுறமும் ஆழமற்ற பரவைக்கடல், தடி நட்டுக் கட்டிய களங்கண்டி வலைகள், சேற்றில் கொக்குகள். வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் துறையில் படகேறினேன். நயினாதீவு அம்மன் கோபுரம் பின்னே மறைய, ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு வந்தது.

பவளக்கல் வேலிகளுக்கு அப்பால், கரையில் முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"தமிழ்நாடோ ஐயா?"

ஆமென்றேன். அறுந்த வலையைத் தூக்கிக் காட்டினார். "உங்கட றோலர் இழுத்தது." குரலில் கோபமில்லை.

இராமேசுவரம் மீனவர்கள் கைதானதையும் சுடப்பட்டதையும் பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவை உண்மைகளே. ஆனால் போர்க்காலத்தில் கடல் மறுக்கப்பட்ட இம்மக்கள், 2009இல் போர் ஓய்ந்து மீண்டும் வலை வீசியபோது, இரவில் வந்து கடலடியையே வாரிச்சென்ற நம் இழுவைப் படகுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதன் பின்னும் படகுகள் வந்தன.

விடைபெறுகையில் கருவாட்டுப் பொதி ஒன்றைக் கையில் திணித்தார் பெரியவர். "அங்கையும் பிள்ளை குட்டியள்தானே" என்றார்.

இத்தனை காலம் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.